பெட்டியில் உள்ள இல்மும் நெஞ்சில் உள்ள இல்மும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் பெருமானார் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியே இதனைத் தொடங்க வேண்டியிருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் நம் பிழை பிறருக்குப் பாடமாகுமென்றால் அதை மூடி வைப்பதில் பயனில்லை.

அது ரமழானின் முதல் இரவு. தராவீஹ் தொழ வைக்க முன்னே நின்றோம். பள்ளி நிறைந்திருந்தது. சூரத்துல் பகராவில், பனூ இஸ்ராயீல் மக்களை ஓர் ஊருக்குள் நுழையும்படி அல்லாஹ் ஏவியதைக் கூறும் இடத்துக்கு வந்தோம். இதே செய்தி சூரத்துல் அஃராஃபிலும் வருகிறது. இரண்டுக்கும் ஓரிரு சொல்தான் வித்தியாசம். ஒன்றில் முன்னே வருவது மற்றதில் பின்னே வரும். ஹிஃப்ழு செய்த எவருக்கும் இந்த இடம் தெரியும். மதரஸாவில் ஓதிய நாளில் உஸ்தாத் அவர்கள், 'இது பகரா, அது அஃராஃப்' என்று திரும்பத் திரும்பச் சொல்லி நம் நாவில் ஏற்றிய இடம் அது. அந்த இடத்திலேயே நாம் வழுக்கினோம். முதல் ஜுஸ்உவில் ஓதிக்கொண்டிருந்தவர், நம்மை அறியாமலே ஒன்பதாம் ஜுஸ்உவுக்குப் போய்விட்டோம்.

முதல் ஸஃப்பிலிருந்து ஒரு கிழக்குரல் எடுத்துக் கொடுத்தது. திரும்பி வந்து ஓதினோம். மேலும் சில ஆயத்துகள் சென்றதும் மறுபடியும் நின்றோம். மறுபடியும் அதே குரல். அன்றிரவு அக்குரல் நான்கு முறை நமக்கு உதவிற்று.

எடுத்துக் கொடுத்தவர் எண்பது வயதைத் தொட்ட ஒரு ஹாஃபிழ். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். டியூபில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஓதுவார். காற்று அடித்துக்கொண்டே ஓதுவார். தொழுகை முடிந்ததும் நம்மைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், கோவிச்சுக்காதீங்க. வருஷம் பூரா ஓதிக்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"பயணம் போகும்போதெல்லாம் செல்போனில் கிராஅத் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், ஹாஜியார்" என்றோம்.

அவர் சிரித்தார். "கேக்குறது நல்லதுதான் ஹஜ்ரத். ஆனா ஓதுறது அவரு. அவருக்கு மறக்காது. உங்க வாய் அசைஞ்சாதானே உங்களுக்கு நிக்கும்?" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. சிறு வயதில் அல்லாஹ் நம் நெஞ்சில் வைத்த அமானிதத்தை நாமே எடுத்து ஒரு சிறு பெட்டியில் வைத்துவிட்டோம். பெட்டியில் இருப்பதால் நம்மிடமே இருக்கிறது என்று எண்ணிவிட்டோம். இந்த மயக்கத்தைப் பற்றித்தான் இங்கே பேச விழைகிறோம்.

எழுதுகோலை இஸ்லாம் பகைக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நவீன கருவிகளெல்லாம் ஹராம் என்று கூற நாம் வரவில்லை. முதன்முதலாக இறங்கிய வஹியிலேயே எழுதுகோலைக் கொண்டு கற்பித்ததை அல்லாஹ் தன் அருளாக எடுத்துச் சொல்கிறான். திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து எது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் பகராவின் 282ஆம் ஆயத்து. மனிதன் மறப்பவன் என்பதைப் படைத்தவன் அறிவான். ஆகவேதான் அடியார்களின் உரிமை வீணாகாதிருக்க எழுத்தையும் சாட்சியையும் விதித்தான்.

குர்ஆனே ஏட்டில் ஏறிய வரலாற்றைப் பாருங்கள். ஹழ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் கிலாஃபத் காலத்தில் (632–634) யமாமா போர் நடந்தது. குர்ஆனை நெஞ்சில் சுமந்த தோழர்கள் பலர் அதில் ஷஹீதானார்கள். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் பதறினார்கள். குர்ஆனை ஒன்று திரட்டும்படி கலீஃபாவை வற்புறுத்தினார்கள். அப்பணி ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் பேரீச்ச மட்டைகளிலிருந்தும், தட்டையான கற்களிலிருந்தும், மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் அதைத் திரட்டினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஏடு வந்துவிட்டது என்பதற்காக சஹாபாப் பெருமக்கள் மனனத்தைக் கைவிட்டார்களா? இல்லை. ஏடு நெஞ்சுக்குக் காவலாக நின்றது. நெஞ்சு ஏட்டுக்குக் காவலாக நின்றது. ஏட்டில் பிழை நேர்ந்தால் ஹாஃபிழ் திருத்துவார். ஹாஃபிழ் மறந்தால் ஏடு நினைவூட்டும். இரண்டில் ஒன்றைக் கைவிட்டால் மற்றதற்குக் காவலில்லை.

அச்சு வந்தது, ஒலிநாடா வந்தது, இப்போது செல்போன் வந்திருக்கிறது. பார்வையற்ற சகோதரர் கேட்டே மனனம் செய்கிறார். கடல் கடந்து உழைக்கும் சகோதரர் இரவில் தன் அறையில் அமர்ந்து தஜ்வீத் கற்கிறார். இவையெல்லாம் நிஃமத்துகளே. ஆனால் கருவி காவலாளாக நிற்கிறதா, வீட்டுக்காரரையே வெளியேற்றிவிட்டு அது குடியேறிவிட்டதா? கேள்வி அதுதான்.

கள்வன் கற்பித்த பாடம்

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 450–505) வாழ்வில் நடந்த ஒரு செய்தியை நம் வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இளம் வயதில் அவர்கள் ஜுர்ஜான் சென்று ஓதினார்கள். உஸ்தாதிடம் கேட்டதையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதி, பையில் கட்டிக்கொண்டு, தம் ஊராகிய தூஸுக்குத் திரும்பினார்கள். வழியில் கொள்ளையர் மறித்து அனைத்தையும் பறித்துச் சென்றனர். இமாம் அவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். மற்றவையெல்லாம் உங்களுக்கே ஆகட்டும், அந்தக் குறிப்பேடுகளை மட்டும் தந்துவிடுங்கள், அவற்றுக்காகவே ஊரை விட்டுச் சென்றேன், அவற்றில்தான் என் இல்மு இருக்கிறது என்று இறைஞ்சினார்கள்.

கொள்ளையர் தலைவன் சிரித்தான். நாங்கள் பறித்ததும் இல்மு இல்லாமல் நிற்கிறாயே, பிறகு எப்படி அதைக் கற்றதாகச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தான்.

கள்வனின் கேலி என்று இமாம் அவர்கள் அதை ஒதுக்கவில்லை. தமக்கு நேர்வழி காட்ட அல்லாஹ்வே அவனைப் பேச வைத்தான் என்று கொண்டார்கள். தூஸ் சென்று மூன்று ஆண்டுகள் உழைத்து, அந்தக் குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்தார்கள். இனி எவன் கொள்ளையடித்தாலும் அவர்களுடைய இல்மைக் கொண்டு போக முடியாது.

சகோதரர்களே! இன்று நம் கையிலுள்ள கருவியை ஒரு கள்வன் பறித்துவிட்டால் நம்மிடம் மிஞ்சுவது என்ன? எத்தனை சூரா? எத்தனை துஆ? எத்தனை மஸ்அலா? வேறு வேண்டாம், வீட்டாரின் தொலைபேசி எண் எத்தனை? அந்தக் கொள்ளையனின் கேள்வி நம்மை நோக்கியும் நிற்கிறது.

ஆய்வாளர்கள் கண்டது

இது மார்க்க அறிஞர்களின் கவலை மட்டுமன்று. உள்ளத்தின் இயல்பை ஆராய்பவர்களும் இதையொட்டிய செய்திகளைச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் பெட்ஸி ஸ்பாரோ என்பவரும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சில பொதுச் செய்திகளைக் கொடுத்துக் கணிப்பொறியில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். ஒரு சாராரிடம், நீங்கள் அடித்தது கணிப்பொறியில் சேமிக்கப்படும் என்றார்கள். மறுசாராரிடம், அழிக்கப்படும் என்றார்கள். அழிந்துவிடும் என்று எண்ணியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தனர். பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று நம்பிய உள்ளம் தன் பொறுப்பை விட்டுவிட்டது.

லிண்டா ஹெங்கல் என்பவர் 2014இல் வெளியிட்ட ஆய்வும் கவனிக்கத்தக்கது. அருங்காட்சியகத்துக்குச் சிலரை அழைத்துச் சென்று, சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படம் பிடிக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் பிடித்தவற்றைவிட வெறும் கண்ணால் பார்த்தவையே நன்றாக நினைவில் இருந்தன. இதை வாசித்தபோது மதாஃபில் காணும் காட்சியே நம் முன் வந்தது. ஆயுள் முழுவதும் ஏங்கிச் சேமித்த பணத்தில் கஅபாவின் முன் வந்து நிற்கிறார் ஒருவர். கண் கஅபாவைப் பார்க்கவில்லை. கையிலுள்ள கண்ணாடித் திரையைப் பார்க்கிறது. அந்தப் படம் ஊரில் பலருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் நெஞ்சில் எது போய்ச் சேர்ந்தது?

இனி மறுபக்கத்தையும் பாருங்கள். லண்டன் மாநகரில் கறுப்பு டாக்ஸி ஓட்ட உரிமம் பெற, ஏறக்குறைய 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றித் தேர்வில் ஒப்பிக்க வேண்டும். அதற்குப் பொதுவாக 3, 4 ஆண்டுகள் ஆகின்றன. எலினார் மகுவயர் என்ற ஆய்வாளர் அந்த ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்து 2000இல் முடிவை வெளியிட்டார். நினைவுக்கும் வழியறிதலுக்கும் உதவும் மூளைப் பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படி இருந்ததோ என்ற ஐயமும் எழுந்தது. பயிற்சிக்குச் சேர்ந்தவர்களைத் தொடக்கத்திலும் சில ஆண்டுகள் கழித்தும் படமெடுத்துப் பார்த்து, 2011இல் அதற்கும் விடை சொன்னார்கள். மனனம் செய்து தேறியவர்களுக்கு அப்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை.

உழைக்கும் உறுப்பு வளர்கிறது. கொல்லனின் கையைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. நமக்கு நினைவாற்றல் இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும். அது இல்லையா, அல்லது அதற்கு நாம் வேலை கொடுக்கவில்லையா?

கட்டி வைத்த ஒட்டகம்

பெருமானார் (ஸல்) அவர்கள் குர்ஆனை மனனம் செய்தவரைக் கட்டி வைத்த ஒட்டகங்களின் உரிமையாளருக்கு உவமை காட்டினார்கள். அவர் கவனித்துப் பார்த்து வந்தால் அவை நிற்கும். கட்டை விட்டுவிட்டால் போய்விடும். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் இது. ஒட்டகம் சொல்லிக்கொண்டு போவதில்லை. காலையில் வந்து பார்த்தால் கயிறு மட்டும் கிடக்கும். அந்த ரமழான் இரவில் நம் கையில் இருந்ததும் வெறுங் கயிறுதான்.

ஒட்டகத்தைக் கட்டும் வழி யாது? ஆண்டுதோறும் ரமழானில் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து பெருமானார் (ஸல்) அவர்களுடன் குர்ஆனை ஓதிப் பார்த்தார்கள். இறுதி ஆண்டில் அது இருமுறை நடந்தது. வஹியைப் பெற்ற நெஞ்சுக்கே திரும்ப ஓதுதல் வைக்கப்பட்டதென்றால் நம் நிலை என்ன? நம் மதரஸாக்களில் பிள்ளைகள் புதிய ஸபக்கோடு பழைய பாடத்தையும் உஸ்தாதின் முன் அமர்ந்து ஒப்பிப்பது இந்த வழிமுறையில்தான். வெறும் உருப்போடுதல் என்று சிலர் இதைக் கேலி செய்ததுண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டதைக் கேளுங்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, ஒருமுறை வாசித்துவிட்டு ஏட்டை மூடி நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தனர். உஸ்தாத் அவர்கள், 'கிதாபை மூடு, ஓது' என்று சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

நினைவின்றிச் சிந்தனை உண்டா?

சிலர் கேட்கக்கூடும்: மனனம் எதற்கு? தேடினால் நொடியில் கிடைக்கிறதே. மூளையைச் சுமையிலிருந்து விடுவித்து, சிந்திப்பதற்கு வைத்துக்கொள்ளலாமே?

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சிந்தனை எதை வைத்து நடக்கிறது? அடுப்பு மூட்டினால் மட்டும் சோறாகிவிடுமா? பானையில் அரிசி வேண்டும். ஓர் ஆயத்தை ஓதும்போது இன்னோர் ஆயத்து நெஞ்சில் எழ வேண்டும். ஒரு ஹதீஸைக் கேட்கும்போது அதற்கு விளக்கமான மற்றொன்று நினைவுக்கு வர வேண்டும். இரண்டும் உள்ளத்தில் சந்திக்கும் இடத்தில்தான் விளக்கம் பிறக்கிறது. உள்ளே இல்லாத ஒன்றைத் தேட வேண்டும் என்ற எண்ணமே எப்படி எழும்?

மற்றொன்றும் உண்டு. நினைவில் இருப்பவனுக்கே பிழை தெரியும். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பக்தாது வந்தபோது அங்குள்ள அறிஞர்கள் சோதித்த செய்தி நாம் அறிந்ததே. நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் தொடர்களை ஒன்றுக்கொன்று மாற்றி, பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாக எடுத்துரைத்தனர். இமாம் அவர்கள் ஒவ்வொன்றையும் மாற்றப்பட்ட விதத்திலேயே சொல்லி, பின் சரியான தொடரோடு சேர்த்து ஒப்பித்தார்கள். அந்த நெஞ்சை எவர் ஏமாற்ற முடியும்?

இன்று கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தரும் கணிப்பொறிகள் வந்துவிட்டன. அழகான தமிழிலும் எழுதுகின்றன. ஆனால் இல்லாத ஹதீஸை இருப்பதாகவும், வராத கிதாபில் வந்ததாகவும் அவை தயங்காமல் சொல்லிவிடுவதுண்டு. செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஒன்றும் ஓதியறியாதவர் அந்தப் பெட்டி சொல்வதில் மெய் எது, பொய் எது என்று எதைக் கொண்டு உரைத்துப் பார்ப்பார்? உரைகல்லைத் தொலைத்தவன் பித்தளையைத் தங்கமென்று வாங்குவான்.

விரைவும் ஒரு நோய். அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள் சூரத்துல் பகராவைக் கற்க எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தாய்மொழி அரபு. நினைவாற்றலுக்கும் குறைவில்லை. ஓதியதை விளங்கி, விளங்கியதன்படி நடந்து, பின் அடுத்ததற்குச் செல்வது அவர்களின் வழக்கம். நாமோ ஓர் ஆயத்தின் பொருளைப் பார்க்கத் திறந்து, அது முடியுமுன் வந்த செய்தியைப் பார்த்து, அதிலிருந்து இன்னொன்றுக்குப் போய், எதற்காகத் திறந்தோம் என்பதையே மறந்து மூடுகிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

குறை சொல்லிவிட்டு நிறுத்துவது முறையன்று. சைக்கிள் கடை ஹாஜியார் அன்று நமக்கு இட்ட கட்டளை எளியது. சுப்ஹுக்குப் பின் அவர் கடை திறக்குமுன் வந்து, அவர் முன் அமர்ந்து கால் ஜுஸ்உ ஓத வேண்டும். முதல் வாரம் நாணம் தடுத்தது. ஹாஃபிழ், ஆலிம் என்று பெயர் வாங்கியவர் டயர்களுக்கு நடுவே அமர்ந்து பாடம் கொடுப்பதா என்று நஃப்ஸு முரண்டு பிடித்தது. ஓராண்டு தொடர்ந்தோம். மறு ரமழானில் அதே இடத்தை வழுக்காமல் கடந்தபோது, முதல் ஸஃப்பிலிருந்து மெல்லிய இருமல் மட்டும் கேட்டது. அதன் பின் ஓராண்டில் அவர் மறைந்துவிட்டார். அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்கி வைப்பானாக! அவரிடம் பெற்றதையும் நம் அனுபவத்தையும் சேர்த்து உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: நாளொன்றுக்கு ஓர் ஆயத்தேனும் புதிதாக மனனம் செய்யுங்கள். ஏற்கெனவே தெரிந்ததை ஒருவர் முன் ஒப்பியுங்கள். மனைவி கணவனிடமும், பிள்ளை பாட்டனாரிடமும் ஒப்பிக்கலாம்.

இரண்டு: எதையேனும் தேடக் கை நீளுமுன், நினைவில் இருக்கிறதா என்று சற்று நின்று யோசியுங்கள். கிடைக்காவிட்டால் பிறகு தேடுங்கள்.

மூன்று: மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தும் ஓர் அலமாரியில் உறங்கட்டும். முன்பு அந்த நேரத்தில் நம் வீடுகளில் ஓதும் சத்தம் கேட்டதுண்டு. அது திரும்ப வரட்டும்.

நான்கு: மஸ்அலா கேட்க ஆலிமிடம் செல்லுங்கள். பெட்டியில் பார்த்திருந்தாலும் அதை அவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

ஐந்து: ஜனாஸாத் தொழுகையின் துஆவை ஒவ்வொரு மகனும் மனனம் செய்யட்டும். வாப்பாவின் ஜனாஸா முன்னே இருக்கும்போது, மகன் கையில் செல்போனை வைத்து துஆவைத் தேடி நிற்கும் காட்சியை நாம் கண்டிருக்கிறோம். அந்த மகன் அழுததில் பாதி வாப்பாவுக்காக; மீதி, தெரியவில்லையே என்பதற்காக.

இறுதியாக ஒன்று. கப்ரில் நம்மை வைத்து மூடும்போது கஃபனைத் தவிர வேறொன்றும் கூட வராது. உன் ரப்பு யார் என்று மலக்குகள் கேட்கும்போது அங்கே தேடிப் பார்க்க வழியில்லை. மறுமையிலோ குர்ஆனை ஓதியவரிடம், உலகில் ஓதியதைப் போல் நிறுத்தி நிதானமாக ஓதிக்கொண்டே ஏறிச் செல் என்றும், ஓதும் கடைசி ஆயத்தில் உன் இடம் இருக்கிறது என்றும் கூறப்படும் என நபிமொழி அறிவிக்கிறது. திர்மிதியிலும் அபூதாவூதிலும் வரும் ஹதீஸ் இது. அன்று ஏறும் படிகள் நெஞ்சில் உள்ளவை. பெட்டியில் முப்பது ஜுஸ்உவும் இருந்தன என்பது அங்கே ஒரு படியாகவும் ஆகாது.

யா அல்லாஹ்! மறந்ததை நினைவூட்டுவாயாக! அறியாததைக் கற்பிப்பாயாக! நீ தந்த கருவிகளை எங்கள் ஊழியர்களாக்கி வைப்பாயாக. எங்களை அவற்றின் ஊழியர்களாக்கிவிடாதே! எங்கள் நெஞ்சங்களையும் எங்கள் பிள்ளைகளின் நெஞ்சங்களையும் உன் வேதத்தின் வீடுகளாக்கி அருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!